டெஸ்க்டாப்பா, டாஸ்க்பாரா, கீபோர்டா, தேடலா? ஆபீஸ் கம்ப்யூட்டரில் எதை எங்கே வைப்பது

திருப்பூர் அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. அங்கே கணக்கு பார்க்கும் அக்கா கேட்டார்: “ஏனுங்க தம்பி, டேலிக்குள்ள இருக்கற வரைக்கும் எனக்குக் கை பறக்குதுங்க. வெளிய வந்தா மட்டும் எதுக்கு இத்தனை நேரமாகுது?”

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். டேலி என்ற கணக்கு மென்பொருளில் எஃப்8 விற்பனை, எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீப்ட். கீபோர்டைக் குனிந்து பார்க்காமலே விரல் போகிறது. அப்புறம் ஒரு இ-வே பில் (சரக்கு அனுப்ப ஆன்லைனில் எடுக்கும் பில்) போட வேண்டி வந்தது. டேலியைச் சுருக்கினார். பின்னால் எக்செல் இருந்தது, அதையும் சுருக்கினார். அதற்கும் பின்னால் பிரவுசர் திறந்தேதான் இருந்தது. கை போன வேகத்தில் அதையும் சுருக்கிவிட்டு, டெஸ்க்டாப்பில் எழுபது எண்பது ஐகான்களுக்கு நடுவே பிரவுசர் ஐகானைத் தேடி இரண்டு முறை கிளிக் செய்தார். எட்டு வினாடி.

எட்டு வினாடி பெரிய விஷயமில்லை. ஆனால் இந்த மாதிரி மாறுவது ஒரு நாளைக்கு நாற்பது தடவை என்று வையுங்கள். 320 வினாடி, அதாவது ஐந்து நிமிடத்துக்கு மேல். மாதம் 26 நாள் வேலை என்றால் இரண்டேகால் மணி நேரம் ஐகான் தேடுவதிலேயே போகிறது. நேரத்தைவிட எனக்கு உறுத்தியது வேறு. ஒவ்வொரு தேடலிலும் அவர் மனதில் வைத்திருந்த எண் நழுவி, மறுபடியும் பில்லைப் பார்க்க வேண்டியிருந்தது.

ஈரோடு, கரூர், பொள்ளாச்சி என்று எந்த ஊர் ஆபீசுக்குப் போனாலும் இதே கேள்விதான் வருகிறது. ஐகானை டெஸ்க்டாப்பில் வைப்பதா, திரையின் கீழே உள்ள பட்டையான டாஸ்க்பாரில் பின் செய்வதா (நிலையாக நிறுத்தி வைப்பதா), கீபோர்ட் ஷார்ட்கட் வைப்பதா, இல்லை எதையும் வைக்காமல் பெயரை அடித்துத் தேடுவதா? நான்கையும் பல ஆபீஸ்களில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, நீங்கள் திறப்பது என்ன? டேலி, எக்செல் போன்ற புரோகிராமா, ஒரு குறிப்பிட்ட ஃபைலா, ஜிஎஸ்டி மாதிரி ஒரு வெப்சைட்டா? புரோகிராம் ஐந்தாறுதான் இருக்கும். ஃபைல் ஆயிரக்கணக்கில் இருக்கும். இரண்டுக்கும் ஒரே வழி சரிப்படாது. நிறைய பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

அடுத்தது, திறக்கும் நேரத்தில் கை எங்கே இருக்கிறது? கணக்கு எழுதுபவர் கை கீபோர்டில். டிசைன் பார்ப்பவர் கை மவுஸில்.

மூன்றாவது, அந்தக் கம்ப்யூட்டரில் எத்தனை பேர் உட்காருகிறார்கள்? பகல் ஷிப்டில் ஒருவர், இரவில் இன்னொருவர், சாயங்காலம் முதலாளி வந்து கொஞ்ச நேரம். இப்படி இருந்தால் ஒருவர் மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் எந்த ஏற்பாடும் மற்றவர்களுக்கு இடைஞ்சல்.

நான்காவதை யாரும் கேட்பதில்லை: நாளைக்கே விண்டோஸ் கெட்டு ஃபார்மேட் அடித்தால், இதில் எது மிஞ்சும்?

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கம்ப்யூட்டரில் இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க் ஓடுகிறது என்றால், கீழே சொல்வதற்கெல்லாம் முன்னால் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் ஒன்றைப் போடுங்கள். ஐகானை எங்கே வைத்தாலும் டிஸ்க் மெதுவாக இருந்தால் புரோகிராம் மெதுவாகத்தான் திறக்கும்.

## டெஸ்க்டாப் ஐகான்

பழக்கத்துக்கு வர ஒரு நாள்கூட ஆகாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கும் தெரியும். படத்தைப் பார்த்து கிளிக் செய்தால் போதும். பலர் மாறி மாறி உட்காரும் கம்ப்யூட்டருக்கு இதைவிட எளிய வழி இல்லை.

குறை என்னவென்றால், வேலை நடக்கும்போது டெஸ்க்டாப் எப்போதும் ஜன்னல்களுக்குப் பின்னால் மறைந்திருக்கும். விண்டோஸ் கீயோடு டி அடித்தால் எல்லாம் ஒரே தடவையில் ஒதுங்கும், மறுபடி அடித்தால் திரும்ப வரும். அந்த அக்காவுக்கு இதைச் சொன்னதுமே பாதி நேரம் மிச்சமானது. ஆனாலும் ஐகான் பதினைந்தைத் தாண்டினால் கண் தேடத் தொடங்கிவிடும். வேறு மானிட்டர் மாட்டினாலோ ரெசல்யூஷன் மாறினாலோ ஐகான்கள் இடம் மாறி உட்காருவதும் உண்டு. அன்றைக்குக் கைப்பழக்கம் எல்லாம் வீண்.

பெரிய ஆபத்து இதிலெல்லாம் இல்லை. டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் வைப்பது வேறு, ஃபைலையே வைப்பது வேறு. ஐகானின் இடது கீழ் மூலையில் சின்ன அம்புக்குறி இருந்தால் அது ஷார்ட்கட், வெறும் வழிகாட்டிப் பலகை. அம்புக்குறி இல்லையென்றால் உண்மையான ஃபைலே அங்கே கிடக்கிறது. டெஸ்க்டாப் என்பது பொதுவாக சி டிரைவுக்குள் உங்கள் பெயரில் இருக்கும் ஒரு ஃபோல்டர்தான்.

சென்னிமலைப் பக்கம் தெரிந்த ஒரு ஜவுளி ஆபீசில் விண்டோஸ் திறக்காமல் நின்றுவிட்டது. சரி செய்ய வந்தவர், “டேட்டா எல்லாம் எங்கீங்க?” என்று கேட்டார். “டி டிரைவ்லதாங்க” என்றார்கள். அவர்கள் மனதில் அதுதான் உண்மை. சி டிரைவை ஃபார்மேட் அடித்தாயிற்று. கம்ப்யூட்டர் பளிச்சென்று திறந்தது, டெஸ்க்டாப் காலி. பதினான்கு மாத ரேட் கணக்கு எக்செல் ஷீட்கள் அத்தனையும் “கைக்குப் பக்கத்தில் இருக்கட்டும்” என்று டெஸ்க்டாப்பில் வைத்திருந்தவை. நான் போனபோது அங்கே வேலை பார்க்கும் பையன் வெற்றுத் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதன் பிறகு எந்த ஆபீசுக்குப் போனாலும் முதல் வேலையாக டெஸ்க்டாப்பில் அம்புக்குறி இல்லாதவை எத்தனை என்று எண்ணுகிறேன்.

ஃபைல் டி டிரைவில் இருக்கட்டும். அதை மவுஸால் பிடித்து, ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டே டெஸ்க்டாப்புக்கு இழுத்து விட்டால் ஷார்ட்கட் மட்டும் வரும். டி டிரைவும் அதே டிஸ்கில்தான் இருக்கும் என்பதால், வாரம் ஒரு முறை பென் டிரைவிலோ வெளி டிஸ்கிலோ ஒரு நகல் எடுப்பது தனி வேலை. அதை விடக்கூடாது.

## டாஸ்க்பார் பின்

என் ஓட்டு இதற்குத்தான். காரணம் சொல்கிறேன்.

டாஸ்க்பார் எந்த ஜன்னல் திறந்திருந்தாலும் கீழே தெரியும். அதில் பின் செய்த ஐகான்களுக்கு இடமிருந்து வலமாகத் தானாகவே எண் உண்டு. விண்டோஸ் கீயோடு 1 அடித்தால் முதல் ஐகான், 2 அடித்தால் இரண்டாவது, இப்படி 9 வரை. பத்தாவதுக்கு 0. திறக்காத புரோகிராம் என்றால் திறக்கும். ஏற்கெனவே திறந்திருந்தால் அதையே முன்னால் கொண்டு வரும். அக்கா திறந்திருந்த பிரவுசரைச் சுருக்கிவிட்டு மறுபடி தேடினாரே, அந்தச் சிக்கல் இதில் வரவே வராது. நான்கு எக்செல் திறந்திருந்தால், விண்டோஸ் கீயை விடாமல் அதே எண்ணைத் தட்டத் தட்ட ஒவ்வொன்றாக மாறும். கீபோர்ட் தமிழில் இருந்தாலும் இந்த எண் வேலை செய்யும். ரெஜிஸ்டர், கடிதம் எல்லாம் தமிழில் அடிக்கும் ஆபீஸ்களில் இது சின்ன விஷயமல்ல.

டேலியில் எஃப்8 பழகிய கைக்கு விண்டோஸ் 2 பழக மூன்று நாள் போதும். “கீபோர்ட் ஷார்ட்கட்டெல்லாம் எங்களுக்கு வராதுங்க” என்று சொல்பவர்களில் பலர் டேலியில் மவுஸைத் தொடாமல் நாள் முழுக்க வேலை செய்கிறவர்கள். வராது என்பது சரியல்ல. யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு அடுக்கும் இருக்கிறது. டாஸ்க்பாரில் எக்செல் ஐகானை வலது கிளிக் செய்தால் சமீபத்தில் திறந்த ஃபைல்களின் பட்டியல் மேலே எழும். விண்டோஸ் 7 காலத்திலிருந்தே உள்ள வசதி. அதில் ஒரு ஃபைல் மேல் மவுஸை வைத்தால் குண்டூசிப் படம் வரும். அதைத் தட்டினால் அந்த ஃபைல் பட்டியலின் மேலே நிரந்தரமாக நின்றுவிடும். தினமும் திறக்கும் ஸ்டாக் ஷீட், நூல் வரவு ஷீட் இரண்டையும் இங்கே நிறுத்தலாம். கீபோர்டிலேயே வர வேண்டுமென்றால் விண்டோஸ், ஆல்ட் இரண்டையும் அழுத்தி எண்ணை அடித்தால் இதே பட்டியல்.

வெப்சைட்டுக்கும் வழி இருக்கிறது. குரோம், எட்ஜ் இரண்டிலும் ஒரு பக்கத்தை ஆப் மாதிரி நிறுவிக்கொள்ளலாம். நிறுவியதைப் பின் செய்தால் அதற்கும் ஒரு எண் கிடைத்துவிடும். மாதம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட ஓடுகிறவர்களுக்கும், தினமும் லாரி ஏற்றி இ-வே பில் போடுகிறவர்களுக்கும் இது நல்லது. வேகத்தைவிடப் பெரிய லாபம் பாதுகாப்பு. பேங்க் பெயரைத் தேடுபொறியில் அடித்து, மேலே வருவதைக் கிளிக் செய்யும் பழக்கத்தில்தான் போலிப் பக்கங்களுக்குள் போய்ச் சிக்குகிறார்கள். சரியான முகவரியை ஒரு தடவை நிதானமாகப் பார்த்துப் பின் செய்துவிட்டால் அந்தத் தேடலே வேண்டாம். ஆனால் பலர் உட்காரும் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டைப் பிரவுசரில் சேமிக்க வேண்டாம்.

மறைவான செலவு என்ன? ஒன்று, வரிசை மாறினால் எண்ணும் மாறும். யாராவது மவுஸ் தவறி ஒரு ஐகானை இழுத்துவிட்டால் எல்லோருக்கும் குழப்பம். இரண்டு, ஃபோல்டரை நேரடியாகப் பின் செய்ய முடியாது. அது ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் பட்டியலுக்குள்தான் போகும். மூன்று, நிறுத்தி வைத்த ஃபைலைப் பெயர் மாற்றினாலோ இடம் மாற்றினாலோ இணைப்பு அறுந்துவிடும். நான்கு, ஃபார்மேட்டுக்குப் பின் ஒவ்வொன்றாக மறுபடி பின் செய்ய வேண்டும். ஆறு ஐகான்தான் என்பதால் பத்து நிமிட வேலை.

விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறியவர்களுக்கு ஒரு குறிப்பு. 2021-இல் விண்டோஸ் 11 வந்தபோது டாஸ்க்பாரில் பல வசதிகளை எடுத்துவிட்டார்கள். ஜன்னல்களைப் பெயரோடு தனித்தனியாகக் காட்டுவது 2023-இல் திரும்பி வந்தது. டாஸ்க்பார் செட்டிங்கில் தேடினால் கிடைக்கும். டாஸ்க்பாரிலேயே சின்ன ஐகான்களை வரிசையாக வைக்கும் பழைய குயிக் லாஞ்ச் பட்டைதான் வரவில்லை. அதை நம்பி இருந்தவர்கள் பின்னுக்கு மாறிக்கொள்வதே நல்லது.

## கண்ட்ரோல் ஆல்ட் ஷார்ட்கட்

ஒரு ஷார்ட்கட்டை வலது கிளிக் செய்து பிராபர்ட்டீஸ் போனால் ‘ஷார்ட்கட் கீ’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஒரு எழுத்தை அடித்தால் கண்ட்ரோல், ஆல்ட் இரண்டோடும் சேர்ந்து பதிவாகும். ஒரு ஃபோல்டருக்கோ ஃபைலுக்கோ நேரடியாகச் சாவி கொடுக்கலாம் என்பதுதான் இதன் சிறப்பு. டாஸ்க்பாரால் முடியாத வேலை. ஷார்ட்கட் டெஸ்க்டாப்பிலோ ஸ்டார்ட் மெனுவிலோ இருந்தால்தான் சாவி வேலை செய்யும். வேறு ஃபோல்டருக்குள் நகர்த்திவிட்டால் செத்துவிடும். சாவி அந்த ஷார்ட்கட் ஃபைலுக்குள்ளேயே பதிந்திருப்பதால், ஷார்ட்கட்களை நகல் எடுத்து வைத்தால் ஃபார்மேட்டுக்குப் பின் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

மோதல்தான் இதன் செலவு. சில கீபோர்ட் அமைப்புகளில் கண்ட்ரோல் ஆல்ட் கூட்டணி ஏற்கெனவே எழுத்துகளுக்குப் போயிருக்கும். இந்திய ஆங்கிலக் கீபோர்டில் கண்ட்ரோல் ஆல்ட் 4 அடித்தால் ₹ குறி வரும். இன்வாய்ஸ் அடிப்பவர் அதை இழக்கக் கூடாது. அப்புறம், சாவி கண்ணுக்குத் தெரியாது. வைத்தவர் லீவில் போனால் அடுத்தவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கம்ப்யூட்டர், அதுவும் இரண்டு மூன்று ஃபோல்டருக்கு மட்டும்.

## பெயரை அடித்துத் தேடுவது

விண்டோஸ் கீயைத் தட்டி, பெயரின் முதல் மூன்று எழுத்தை அடித்து, என்டர். எப்போதாவது திறக்கும் கால்குலேட்டர், பிரிண்டர் செட்டிங் போன்றவற்றுக்கு இது போதும். அவற்றுக்கெல்லாம் ஐகான் வைத்து இடத்தை அடைக்க வேண்டியதில்லை.

ஃபைல் தேட இது போதாது. ஸ்டார்ட் மெனு தேடல் இன்டர்நெட் முடிவுகளையும் கலந்து காட்டுவதால் கண் அலைகிறது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருப்பவரை நினைத்துப் பாருங்கள். ஒரு ஆர்டருக்கு டெக் பேக், அளவு ஷீட், லேப் டிப் போட்டோ, பேக்கிங் லிஸ்ட் என்று முப்பது ஃபைல். வருடத்துக்கு எத்தனை ஆர்டர்! எதை எங்கே பின் செய்ய முடியும்? அவர்களுக்கு நான் தயங்காமல் போட்டுத் தருவது ‘எவ்ரிதிங்’ என்ற இலவச மென்பொருள். டிஸ்கில் எந்தப் பெயர் எங்கே என்று விண்டோஸே ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. இது அந்த அட்டவணையைப் படித்துக்கொள்வதால், ஸ்டைல் நம்பரை அடித்து முடிப்பதற்குள் ஃபைல்கள் வந்து நிற்கும். மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் ‘பவர்டாய்ஸ்’ தொகுப்பிலும் அடித்துத் திறக்கும் பெட்டி ஒன்று உண்டு. புரோகிராம், ஃபைல், சின்னக் கணக்கு எல்லாம் ஒரே இடத்தில். கம்ப்யூட்டரில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது பிடித்துவிடும்.

தேடலின் விலை ஒழுங்கு. எவ்ரிதிங் தேடுவது பெயரை, உள்ளே இருப்பதை அல்ல. ‘புதுசு’, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’ என்று பெயர் வைத்திருந்தால் எந்த மென்பொருளாலும் உதவ முடியாது. பையர் பெயர், ஸ்டைல் நம்பர், தேதி என்று மூன்றும் பெயரில் இருக்க வேண்டும், ஆபீசில் எல்லோரும் ஒரே மாதிரி வைக்க வேண்டும். தமிழில் பெயர் வைப்பவர்கள் யூனிகோடில் வையுங்கள். பாமினி மாதிரி பழைய எழுத்துருவுக்கான கீபோர்டில் அடித்தால் ஃபைல் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். தேடும்போது கீபோர்ட் எந்த மொழியில் நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் தட்டினால் மாறும். சர்வரில் உள்ள பொது ஃபோல்டரை எவ்ரிதிங் தானாகப் படிக்காது. அதன் செட்டிங்கில் தனியாகச் சேர்க்க வேண்டும்.

## கம்ப்யூட்டர் திறந்ததும் தானே திறக்கச் செய்வது

இதையும் சிலர் கேட்கிறார்கள். விண்டோஸ் கீயோடு ஆர் அடித்து, வரும் பெட்டியில் shell:startup என்று அடித்து ஸ்டார்ட்டப் ஃபோல்டரைத் திறந்து ஷார்ட்கட்டைப் போட்டால் காலையில் தானே திறக்கும். ஒன்று, அதிகம் போனால் இரண்டு போதும். நான்கைந்து போட்டால் காலையில் எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு திறக்கும். கரன்ட் போய் வரும் நாளில் ஒவ்வொரு தடவையும் அந்தக் காத்திருப்பு.

## ஒரே பார்வையில்

| | டெஸ்க்டாப் | டாஸ்க்பார் பின் | கண்ட்ரோல் ஆல்ட் | தேடல் |
|---|---|---|---|---|
| எதற்கு ஏற்றது | பலரும் திறக்கும் சில புரோகிராம் | தினசரி புரோகிராம், வெப்சைட், இரண்டு மூன்று ஃபைல் | ஒன்றிரண்டு ஃபோல்டர் | ஆயிரக்கணக்கான ஃபைல் |
| பழக | உடனே | மூன்று நாள் | ஒரு வாரம் | மென்பொருள் ஒரு நாள், பெயர் ஒழுங்கு ஒரு மாதம் |
| பலர் உட்கார்ந்தால் | நல்லது | வரிசையைக் காப்பாற்றினால் நல்லது | வேண்டாம் | எல்லோரும் ஒரே மாதிரி பெயர் வைத்தால் நல்லது |
| ஃபார்மேட்டுக்குப் பின் | ஷார்ட்கட் நகல் இருந்தால் திரும்பும் | மறுபடி பின் செய்ய வேண்டும் | ஷார்ட்கட் நகல் இருந்தால் திரும்பும் | மறுபடி நிறுவினால் போதும் |
| எதில் ஜாக்கிரதை | ஃபைலையே அங்கே வைப்பது | வரிசை கலைவது | சாவிகள் மோதுவது | பெயர் ஒழுங்கில்லாமை |

## யாருக்கு எது

கணக்கு பார்ப்பவருக்கு டாஸ்க்பார். முதல் ஐந்து இடம் மட்டும் முக்கியம், இடது கையாலேயே எட்டும். மெர்ச்சண்டைசருக்கு எவ்ரிதிங், கூடவே டாஸ்க்பாரில் எக்செல், மெயில், பிரவுசர். டெஸ்பாட்ச், ஸ்டோர் பக்கம் மூன்று பேர் மாறி மாறி உட்காரும் கம்ப்யூட்டருக்கு டெஸ்க்டாப்தான் சரி. எட்டு ஐகான், பெரிய அளவில், அதற்கு மேல் வேண்டாம்.

ஒரே ஆபீசில் நான்கு கம்ப்யூட்டர் இருந்தால் நான்கிலும் ஒரே வரிசை வையுங்கள். 1 டேலி, 2 பிரவுசர், 3 எக்செல், 4 மெயில், 5 ஃபைல் எக்ஸ்ப்ளோரர் என்று. ஒருவர் லீவு போட்டு இன்னொருவர் அந்தச் சீட்டில் உட்காரும் நாளில் இதன் அருமை தெரியும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. 11 ஏற்காத பழைய மெஷின்களில் லினக்ஸ் போட்டுப் பார்க்கிறார்கள். உபுண்டுவில் டாக் என்ற பட்டையிலும் இதே விண்டோஸ் கீ, இதே எண். கை பழகியது வீணாகாது.

இந்தச் சனிக்கிழமை உட்காருவதாக இருந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள். டெஸ்க்டாப்பில் அம்புக்குறி இல்லாத ஃபைல்களை முதலில் வெளி டிஸ்கில் நகல் எடுத்து, அப்புறம் டி டிரைவுக்கு நகர்த்துங்கள். ஒரு நாளில் எதை எத்தனை தடவை திறக்கிறீர்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். அதிகம் வந்த ஐந்தை டாஸ்க்பாரில் பின் செய்து, எண்களைச் சின்னத் தாளில் எழுதி மானிட்டர் கீழ் விளிம்பில் ஒட்டுங்கள். மீதி ஐகான்களை ‘பழையது’ என்று ஒரு ஃபோல்டருக்குள் போட்டு ஒரு மாதம் விடுங்கள். அந்த ஒரு மாதத்தில் எதையாவது தேடி அந்த ஃபோல்டருக்குள் போனால், அதை மட்டும் வெளியே எடுத்து வையுங்கள்.